கறுப்பினத்தவரின் காதலும் காமமும்: அமெரிக்கத் திரை காட்டியதும் மறைத்ததும்

#1 – வெண்திரை

1967 டிசம்பரில் வெளியான 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' படத்தை அண்மையில் மறுபடி பார்த்தேன். கறுப்பின மருத்துவர் ஒருவரும் வெள்ளையினப் பெண் ஒருத்தியும் மணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். இரு வீட்டுப் பெற்றோரும் அன்று பொழுது சாய்வதற்குள் சம்மதிக்க வேண்டும். படம் தொடங்கியதும் டாக்சியின் பின்னிருக்கையில் இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அந்த முத்தத்தை நாம் நேராகப் பார்ப்பதில்லை. ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்கும் சிறு கண்ணாடியில் விழும் பிம்பமாக மட்டுமே பார்க்கிறோம். அதன் பிறகு படம் முடியும்வரை, இந்தக் காதலர்களுக்கிடையே உடல் நெருக்கம் என்று சொல்லத்தக்க காட்சி ஏறக்குறைய இல்லை.

சிட்னி பாய்ட்டியர் ஏற்ற அந்த மருத்துவர் பாத்திரம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தில் உயர்ந்த பொறுப்பு வகித்தவர்; மனைவியையும் மகனையும் விபத்தில் பறிகொடுத்தவர்; வருங்கால மாமனாரின் வீட்டுத் தொலைபேசியில் வெளியூருக்குப் பேசியதற்குக்கூட மேசைமேல் காசை வைத்துவிட்டு வருகிறவர். திருமணத்துக்கு முன் படுக்கையைப் பகிர்ந்துகொள்ள மறுத்தது அவர்தான் என்பதை மணப்பெண்ணே தாயிடம் சொல்லிவிடுகிறாள். வெள்ளையினக் குடும்பத்தின் வாசற்படியை ஒரு கறுப்பின ஆண் மிதிக்க வேண்டுமானால் அவரிடம் குறை என்று ஒன்றும் இருக்கக்கூடாது, முக்கியமாக ஆசை இருக்கக்கூடாது என்பது திரைக்கதையின் எழுதப்படாத நிபந்தனை.

அந்தக் காலத்தை வைத்துத்தான் படத்தை எடைபோட வேண்டும் என்பதை மறுக்கவில்லை. லவிங் எதிர் வர்ஜீனியா வழக்கில் 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை 16 மாநிலங்களில் இத்தகைய திருமணம் சட்டப்படி குற்றம்; படப்பிடிப்பு முடிந்தபோது அந்தத் தீர்ப்பு வந்திருக்கவில்லை. ஆயினும் பாய்ட்டியரின் முந்தைய படங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரிசை தெரிகிறது. அவருக்கு 1964-இல் ஆஸ்கர் வாங்கித் தந்த 'லில்லீஸ் ஆஃப் தி ஃபீல்ட்' படத்தில் அவர் கன்னியாஸ்திரீகளுக்குச் சிற்றாலயம் கட்டித் தருகிற தொழிலாளி. 1965-இல் வந்த 'எ பேட்ச் ஆஃப் ப்ளூ' படத்தில் அவரை விரும்புகிற வெள்ளையினப் பெண் கண்பார்வை இல்லாதவள். அப்படியும் அதிலிருந்த முத்தக் காட்சி தென்மாநிலத் திரையரங்குகளுக்குப் போன பிரதிகளில் வெட்டப்பட்டது. வெள்ளை அமெரிக்கா பாய்ட்டியரை ஏன் இவ்வளவு நேசிக்கிறது என்று கேட்டு நாடகாசிரியர் கிளிஃபர்ட் மேசன் 1967 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கடுமையான கட்டுரை, இந்த இடத்தைத்தான் தொட்டது.

கறுப்பின ஆணை அடங்காத காமுகனாகக் காட்டிய பழைய படங்களும், அவனைத் துறவியாகக் காட்டிய இந்தப் படங்களும் ஒரே அச்சத்துக்கு எழுதப்பட்ட இரண்டு பதில்கள் என்று நினைக்கிறேன். இரண்டிலும் அவனுடைய விருப்பம் வெள்ளைப் பார்வையாளரின் பிரச்சினையாகவே இருக்கிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

#2 – பழைய ரீல்

வெண்திரை அவர்களே, நீங்கள் சொல்லும் அச்சம் திரைப்படத்துக்கு முன்பே பிறந்தது என்றாலும், அதற்கு முகமும் உடலும் கொடுத்து ஊர் ஊராக அனுப்பியது 1915-இல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்'. அதற்கு மூலம் தாமஸ் டிக்சன் 1905-இல் எழுதிய நாவல். படத்தில் கஸ் என்னும் கறுப்பினச் சிப்பாய், தண்ணீர் எடுக்க வந்த ஃப்ளோரா என்னும் பெண்ணைக் காட்டுக்குள் பின்தொடர்கிறான். தான் இப்போது கேப்டன், மணம் செய்துகொள்ள விரும்புகிறேன் என்கிறான். அவள் அஞ்சி ஓடி, பாறை உச்சியிலிருந்து குதித்து மாள்கிறாள். பின்னர் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளையினவெறிக் கூட்டம் அவனைக் கொன்று உடலை ஒரு வாசலில் எறிந்துவிட்டுப் போகிறது. படம் அதை நீதி என்று கொண்டாடுகிறது.

இந்தக் காட்சியைக் கூர்ந்து பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரியும். முதலாவது, கஸ்ஸாக நடித்தவர் வால்டர் லாங் என்ற வெள்ளையர்; முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு, கூனி, கண்ணை உருட்டி, வேலி ஓரமாகப் பதுங்கி வருகிறார். ஆகவே திரையில் நாம் பார்ப்பது கறுப்பினத்தவரைப் பற்றிய வெள்ளையரின் கற்பனையை ஒரு வெள்ளையரே நடித்துக் காட்டுவதைத்தான். இரண்டாவது, அவன் வாயால் கேட்பது திருமணம். சமமானவனாக நின்று பெண் கேட்பதையே தாக்குதலாகக் காட்டியதில்தான் படத்தின் விஷம் இருக்கிறது. மூன்றாவது, படத்தொகுப்பு. துரத்துபவன், ஓடுபவள், தேடிவரும் அண்ணன் என்று மாறி மாறி வெட்டி, பார்வையாளர் இருக்கை நுனிக்கு வந்துவிடும்படி செய்திருக்கிறார்கள். திரைப்பட மொழியின் இலக்கணத்தில் ஒரு பகுதியை உலகம் இந்தப் படத்திலிருந்துதான் கற்றது என்பது சினிமா வரலாற்றின் சங்கடங்களில் ஒன்று.

அதே ஆண்டு பிப்ரவரியில் இது வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்குத் திரையிட்டுக் காட்டப்பட்டது. நவம்பரில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனில் வில்லியம் சிம்மன்ஸ், செத்துப்போயிருந்த க்ளான் அமைப்புக்கு மீண்டும் உயிர்கொடுத்தார். சில நாள்களில் படம் அட்லாண்டாவுக்கு வந்தது. கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பு நகரந்தோறும் எதிர்ப்புத் தெரிவித்தும் பெரும்பாலான இடங்களில் அதை நிறுத்த முடியவில்லை.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே இந்தப் பொய்யை ஒரு பெண் உடைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1892-இல் மெம்ஃபிஸ் நகரில் தாமஸ் மோஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் என்ற கறுப்பினத்தவர் மூவரைக் கும்பல் கொன்றது. அவர்கள் எந்தப் பெண்ணையும் ஏறெடுத்துப் பார்த்ததற்காகக் கொல்லப்படவில்லை; அவர்களுடைய மளிகைக் கடை பக்கத்து வெள்ளையரின் கடைக்குப் போட்டியாக இருந்தது. மோஸின் தோழியான கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் இத்தகைய கொலைகளை ஒவ்வொன்றாக விசாரித்து, வன்புணர்வு என்பது பெரும்பாலும் பிற்பாடு ஒட்டப்படும் காரணம் என்றும், அப்படிச் சொல்லப்பட்ட பலவற்றில் இருந்தது இருவரும் விரும்பிய உறவு என்றும் எழுதினார். அவருடைய பத்திரிகை அலுவலகம் சூறையாடப்பட்டது.

படத்தில் இருந்த அதே அச்சம் நீதிமன்றத்துக்கும் போனது. 1930 முதல் 1967 வரை அமெரிக்காவில் வன்புணர்வுக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 455 பேரில் 405 பேர் கறுப்பினத்தவர்.

#3 – இளந்தமிழ்

இரண்டு பதிவுகளும் நன்று. ஆனால் ஒரு கேள்வி. பட நிறுவனங்கள் கொள்கைக்காகப் படம் எடுப்பவை அல்ல, வசூலுக்காக எடுப்பவை. தென்மாநிலங்களில் படம் ஓடாது என்ற கணக்கில் ஒரு முத்தத்தை வெட்டுவதை இனவெறி என்பதா, வியாபாரம் என்பதா? மேலும், 1971-க்குப் பிறகு கறுப்பினக் கலைஞர்களே கட்டுக்கடங்காத காமம் கொண்ட நாயகர்களைத் திரையிலும், பின்னர் ராப் இசையிலும் விற்றார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

#4 – கடலோடி

தம்பி இளந்தமிழின் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்; இரண்டாவது என் துறை அன்று.

வியாபாரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வியாபாரத்துக்கு எழுத்தில் ஒரு விதிப்புத்தகம் இருந்தது. 1930-இல் ஏற்கப்பட்டு 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்த ஹேஸ் விதிகள், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான பாலுறவைத் திரையில் காட்டுவதை வெளிப்படையாகவே தடை செய்தன. 1956 திருத்தத்தில்தான் அந்த வரி போனது. இது அரசுச் சட்டமன்று. தயாரிப்பாளர்கள் தாங்களே தங்களுக்கு விதித்துக்கொண்டது.

அந்த விதியை வைத்துக்கொண்டு எப்படிப் படம் எடுத்தார்கள் என்பதற்கு 1949-இல் எலியா கசான் இயக்கிய 'பிங்கி' நல்ல சான்று. வெளிர்நிறம் கொண்ட கறுப்பினப் பெண் ஒருத்தி, வெள்ளையின மருத்துவரைக் காதலிக்கும் கதை. அந்தப் பாத்திரத்தில் ஜீன் கிரெய்ன் என்ற வெள்ளையின நடிகையைப் போட்டார்கள். கதைப்படி அது இரண்டு இனங்களின் காதல். கண்ணுக்குத் தெரிவதோ இரண்டு வெள்ளையர்கள். இவ்வளவு முன்ஜாக்கிரதைக்குப் பிறகும் டெக்சஸ் மாநிலத்தின் மார்ஷல் என்ற ஊரில் அதைத் திரையிட்டவர்மீது வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள்; 1952-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது.

லீனா ஹார்னின் கதை இன்னும் வேதனையானது. எம்ஜிஎம் நிறுவனம் அவருடைய அழகை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. படங்களில் அவர் பெரும்பாலும் ஒரு தூணருகே நின்று தனியாகப் பாடுவார். கதையோடு ஒட்டாமல் அந்தப் பாடல்களை எடுத்ததால், தெற்கே அனுப்பும் பிரதியில் கத்தரித்துவிட்டாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது. கேட்கலாம், ரசிக்கலாம், ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு காதலனோ குடும்பமோ இருக்கக்கூடாது. இதில் வியாபாரம் எங்கே முடிகிறது, வெறுப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட என்னால் இயலாது. தம்பி போட்டுக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன்.

#5 – தேன்மொழி

நான்கு பதிவுகளில் கடலோடி அண்ணன் மட்டும்தான் ஒரு கறுப்பின நடிகையின் பெயரைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்திருக்கிறார். மற்ற விவாதம் முழுவதும் கறுப்பின ஆணுக்கும் வெள்ளையினப் பெண்ணுக்கும் இடையில்தான் நடக்கிறது. கிரிஃபித்தும் அப்படித்தான் கதையை அமைத்தார். நாமும் அதே சட்டகத்துக்குள் நின்று பேசினால் பாதி வரலாறு விட்டுப்போகும்.

1662-இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது. அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை, தகப்பன் யாராக இருந்தாலும், தாயின் நிலையையே பெறும். ஆங்கிலேய வழக்கப்படி குழந்தை தகப்பன் வழியில் வரவேண்டும். அதை இங்கே தலைகீழாக மாற்றினார்கள். விளைவு என்னவென்றால், பண்ணை முதலாளி தன் அடிமைப் பெண்ணை வன்புணர்ந்தால் அவருக்குக் குற்றமும் இல்லை, பொறுப்பும் இல்லை, பிறக்கும் குழந்தையோ சொத்துக் கணக்கில் ஏறும். இப்படி ஓர் ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக நடக்க வேண்டுமானால் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கதை தேவை. அவள்தான் மயக்குகிறாள், அவளுக்கு வெட்கம் கிடையாது, அவளை யாரும் கெடுக்க முடியாது என்ற கதை. விவிலியத்து யேசபேலின் பெயரையே அந்தப் படிமத்துக்கு இட்டார்கள். மிசௌரி மாநிலத்தில் சீலியா என்ற பதின்வயது அடிமைப் பெண், தன்னை ஆண்டுக்கணக்காக வன்புணர்ந்து வந்த முதலாளியைக் கொன்றாள். பெண்ணின் தற்காப்புக்கு அந்த மாநிலச் சட்டத்தில் இடமிருந்தும் அது அவளுக்குப் பொருந்தாது என்று சொல்லி, 1855 டிசம்பரில் தூக்கிலிட்டார்கள்.

இந்தக் கதையைக் காட்சிப்பொருளாக்கி ஐரோப்பாவும் காசு பார்த்தது. தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனப் பெண்ணான சாரா பார்ட்மனை 1810-இல் லண்டனுக்குக் கொண்டுவந்து, அவருடைய உடலமைப்பைக் காட்டிச் சீட்டு விற்றார்கள். 1815-இல் பாரிஸில் அவர் இறந்த பிறகு உடற்கூறு அறிஞர் ஜார்ஜ் குவியே உடலை அறுத்து ஆராய்ந்தார். அந்த எச்சங்கள் 1970-கள் வரை பிரெஞ்சு அருங்காட்சியகத்தில் பார்வைக்கு இருந்தன. நெல்சன் மண்டேலா கேட்டும், சொந்த மண்ணில் அடக்கம் செய்ய 2002 வரை காத்திருக்க நேர்ந்தது.

திரைக்கு வருவோம். ஹாட்டி மெக்டேனியல் 1940-இல் துணை நடிகைக்கான ஆஸ்கர் பெற்றது, 'கான் வித் தி விண்ட்' படத்தின் 'மேமி' என்ற பணிப்பெண் பாத்திரத்துக்கு. வெள்ளையினக் குழந்தைகளை வளர்ப்பவள். தனக்கென்று ஆணோ ஆசையோ இல்லாதவள். பரிசு வாங்கிய இரவில் அவர் சக நடிகர்களோடு அமர அனுமதிக்கப்படாமல் ஓரத்து மேசையில் இருந்தார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைக்க 2002 வரை ஆயிற்று. 'மான்ஸ்டர்ஸ் பால்' படத்தில் ஹாலி பெர்ரி ஏற்ற பாத்திரம், கணவனையும் மகனையும் இழந்து, கணவனின் மரண தண்டனையை நிறைவேற்றிய வெள்ளையினச் சிறை அதிகாரியிடமே உடலால் ஆறுதல் தேடுகிறது. அந்தப் பாத்திரத்தை ஏற்க மறுத்த ஏஞ்சலா பாசெட், கறுப்பினப் பெண்ணின் பாலியலைப் பற்றிய பழைய முத்திரை அது என்று பிற்பாடு நியூஸ்வீக் இதழிடம் சொன்னார். ஆசையே இல்லாதவள் ஒரு முனையில், ஆசையைத் தவிர வேறொன்றும் மிஞ்சாதவள் மறுமுனையில். வெண்திரை அவர்கள் ஆண்களுக்குச் சொன்ன இரட்டைப் படிமம் பெண்களுக்கு அதைவிடப் பழையது.

#6 – இளந்தமிழ்

தேன்மொழி அக்கா, 'மான்ஸ்டர்ஸ் பால்' பற்றி நீங்கள் சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. துக்கம் தாங்காமல் ஒரு பெண் தகாத இடத்தில் உடலின் ஆறுதலைத் தேடுவது மனித இயல்பில் நடக்கக்கூடியது. வெள்ளையின நடிகை அதை நடித்திருந்தால் துணிச்சலான நடிப்பு என்று பாராட்டிவிட்டு நகர்ந்திருப்போம். கறுப்பின நடிகை ஒவ்வொரு முறையும் தன் இனத்தின் மானத்தைத் தோளில் சுமந்துகொண்டுதான் நடிக்க வேண்டும் என்பதும் ஒரு விலங்குதானே? பாய்ட்டியரைத் துறவியாக்கியதும் அந்தச் சுமைதான்.

#7 – தேன்மொழி

நியாயமான கேள்வி. பாசெட்டும் பெர்ரியின் நடிப்பைக் குறை சொல்லவில்லை. தன்னால் அதைச் செய்ய முடியாது என்றுதான் சொன்னார். பெர்ரி நடித்திருக்கக்கூடாது என்பது என் வாதமும் அன்று. 74 முறை வழங்கப்பட்ட ஒரு விருது, அத்தனை ஆண்டுகளில் கறுப்பின நடிகையரின் எத்தனையோ வேடங்களைக் கடந்துவந்து, இந்த வேடத்தில் போய் நின்றது ஏன் என்பதே கேள்வி. பரிசு கொடுத்தவர்களிடம் கேட்க வேண்டியதை நடிகையிடம் கேட்கிறோம் என்றால் அதில் உங்களோடு உடன்படுகிறேன்.

இதே குழப்பத்தைச் சாலி ஹெமிங்ஸ் கதையிலும் பார்க்கலாம். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சனின் அடிமையாக இருந்த அவர், 1787-இல் பாரிஸுக்குப் போனபோது ஏறத்தாழ 14 வயதுச் சிறுமி. ஜெஃபர்சனுக்கு வயது 44. சாலியின் பிள்ளைகளுக்கு ஜெஃபர்சன் தகப்பன் என்ற வழிவழிப் பேச்சுக்கு 1998-இல் மரபணுச் சோதனை வலுச்சேர்த்தது. இரண்டே ஆண்டுகளில் தொலைக்காட்சியில் வந்த குறுந்தொடர் அதைத் தடைகளை மீறிய காதல் கதையாகச் சொல்லிவிட்டது. மறுக்கும் உரிமை இல்லாத ஒருத்தியின் சம்மதத்தை எழுத்தாளர் தன் கற்பனையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் உண்டு.

#8 – வெண்திரை

இளந்தமிழின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1971-இல் மெல்வின் வான் பீபிள்ஸ் தானே எழுதி, இயக்கி, நடித்து, பணம் புரட்டி எடுத்த 'ஸ்வீட் ஸ்வீட்பேக்' படம், தொடக்கத்தில் டெட்ராய்ட், அட்லாண்டா என இரண்டே ஊர்களில் திரையிடப்பட்டது. விலைமாதர் விடுதியில் வளர்ந்து, அங்கே பாலியல் காட்சிகளில் நடித்துப் பிழைக்கும் ஒருவன், ஒரு கறுப்பினப் போராளியை அடித்து நொறுக்கும் காவலர்களைத் தாக்கிவிட்டுத் தப்பி ஓடுகிறான். வழிநெடுக அவனைக் காப்பாற்றுவது அவனுடைய ஆண்மை. கடைசியில் அவன் சாகவில்லை என்பதுதான் அன்றைய பார்வையாளர்களை எழுந்து நின்று ஆரவாரிக்க வைத்தது; அதற்கு முன் அத்தகைய கறுப்பின நாயகன் திரையில் உயிரோடு தப்பியது அரிது.

அந்தப் படத்தைப் பற்றிக் கறுப்பினத்தவருக்குள்ளேயே நடந்த சண்டை, நாம் இங்கே நடத்துவதைவிடக் கூர்மையானது. பிளாக் பேந்தர் என்ற கறுப்பினப் போராளி அமைப்பின் தலைவர் ஹியூயி நியூட்டன் அதைப் புரட்சிகரப் படம் என்று தங்கள் பத்திரிகையில் விரிவாக எழுதினார். கறுப்பினத்தவருக்கான எபனி இதழில் வரலாற்றாசிரியர் லெரோன் பென்னட், படுக்கையறைத் திறமையால் எந்த மக்களும் விடுதலை பெற்றதில்லை என்ற பொருளில் அதைக் கிழித்தெறிந்தார். எனக்குப் பென்னட் பக்கம் நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது. கிரிஃபித் அருவருப்போடு வரைந்த அதே உருவத்தை வான் பீபிள்ஸ் பெருமிதத்தோடு வரைந்தார்; உருவம் மாறவில்லை. ஆனால் காசு கொடுத்தது யார், கண்ணை மூடிக்கொண்டு நகலெடுத்தது யார் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தப் படம் வசூலைக் குவித்ததும் ஹாலிவுட் நிறுவனங்கள் அந்த அச்சைப் பிடித்துக்கொண்டன. அதில் இருந்த அரசியல் கோபத்தை வடிகட்டிவிட்டு, துப்பாக்கி, தோல் அங்கி, படுக்கை மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு வரிசையாகப் படங்கள் வந்தன. 1972-இலேயே என்ஏஏசிபி உள்ளிட்ட அமைப்புகள் இதை எதிர்த்துக் கூட்டணி அமைத்தன. ஆகவே கறுப்பினத்தவர் தாங்களாகவே விற்றார்கள் என்பது பாதிக் கணக்குதான். கடையை நடத்தியவர்கள் வேறு.

#9 – பழைய ரீல்

வெண்திரை அவர்கள் வான் பீபிள்ஸ்மீது சற்றுக் கடுமை காட்டிவிட்டார். பாய்ட்டியரின் முத்தத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்க்கக் கிடைத்த தலைமுறைக்கு, உடல் உள்ள ஒரு கறுப்பின நாயகனைத் திரையில் பார்ப்பது என்னவாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். அதில் மிகை இருந்ததும், பெண்கள் வெறும் பயன்பொருளாக இருந்ததும் உண்மை. ஆனாலும் வெட்கப்பட மறுத்த முதல் படம் என்ற மதிப்பை நான் கொடுத்துவிடுவேன்.

#10 – தேன்மொழி

ஐயா, "பெண்கள் வெறும் பயன்பொருள்" என்பதை நீங்கள் ஒரு துணைவாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். அந்தத் துணைவாக்கியத்தில்தான் பின்னால் வந்த இருபது ஆண்டுச் சண்டையும் அடங்கியிருக்கிறது.

1990 ஜூனில் ஃப்ளோரிடாவின் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், 2 லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் இசைத்தொகுப்பு ஆபாசமானது என்று தீர்ப்பளித்தார். அதை விற்ற கடைக்காரரும், மேடையில் பாடிய குழுவினரும் கைது செய்யப்பட்டார்கள். 1992-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு அடிபட்டது. ஹார்வர்டுக்குப் பின்னாளில் சென்ற பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ், அந்தப் பாடல்கள் கறுப்பின ஆணின் காமத்தைப் பற்றிய வெள்ளையரின் கற்பனையை ஊதிப் பெரிதாக்கிக் கேலி செய்பவை என்று வாதாடினார். சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா இரண்டு பக்கமும் சாயவில்லை. அதைவிட மோசமாகப் பேசிய வெள்ளையினக் கலைஞர்களை விட்டுவிட்டு இவர்களை மட்டும் பிடித்ததில் இனவெறி இருக்கிறது என்றார். அதே மூச்சில், கேலி என்று சொல்லப்படுகிற அந்த வரிகளில் கிழிபடுவது கறுப்பினப் பெண்ணின் உடல் என்றும், அவளைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை என்றும் எழுதினார். இந்த விவாதத்தில் இதுவரை நான் படித்தவற்றுள் மிகத் தெளிவானது அந்த நிலைப்பாடுதான்.

2004-இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரி மாணவியர் அதைச் செயலில் காட்டினார்கள். ராப் பாடகர் நெல்லியின் அறக்கட்டளை, எலும்பு மஜ்ஜைக் கொடையாளர்களைப் பதிவு செய்ய அந்தக் கல்லூரிக்கு வருவதாக இருந்தது. அவருடைய பாடல் காணொளி ஒன்றில், ஒரு பெண்ணின் பின்புறத்தில் கடன் அட்டையைத் தேய்க்கும் காட்சி இருந்தது. வாருங்கள், ஆனால் அந்தக் காட்சியைப் பற்றியும் எங்களோடு பேசுங்கள் என்று மாணவியர் கேட்டார்கள். அறக்கட்டளை நிகழ்ச்சியைக் கைவிட்டது. கறுப்பினத்தவரின் உயிரைக் காக்க வந்த முயற்சியைக் கெடுத்துவிட்டார்கள் என்ற பழி அந்தப் பெண்கள் தலையில் விழுந்தது. இனத்தின் ஒற்றுமைக்காக வாயை மூடிக்கொள் என்று பெண்ணிடம் மட்டும் சொல்வது அங்கும் உண்டு.

#11 – சேலத்துக்காரன்

இவ்வளவும் அமெரிக்கக் கதை என்று படித்துக்கொண்டே வந்தேன். ஆனால் ஐடா வெல்ஸ் பகுதியைத் தாண்ட முடியவில்லை. இருவரும் விரும்பிய உறவை ஏமாற்று என்றும் கடத்தல் என்றும் மாற்றிச் சொல்லி, அதைக் காட்டிக் கொலையை நியாயப்படுத்துவது நம் ஊருக்குப் புதிதன்று. 'நாடகக் காதல்' என்ற சொல்லை நாம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம். இன்னொன்று, 2014 ஜனவரியில் டெல்லியின் கிர்க்கி பகுதியில் ஆப்பிரிக்கப் பெண்கள் பாலியல் தொழில் செய்கிறார்கள் என்று சொல்லி, ஒரு மாநில அமைச்சரே நள்ளிரவில் ஆட்களோடு போய் நின்றார். அந்தப் பெண்களைப் பற்றிய எண்ணம் அங்கிருந்தவர்களுக்கு எங்கிருந்து வந்தது? ஹாலிவுட் படத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

#12 – கடலோடி

சேலத்துக்காரரின் முதல் ஒப்பீடு சரியானது. எல்லையைக் காவல் காப்பதற்குப் பெண்ணின் மானத்தைச் சாக்காகப் பிடிப்பது இரண்டிலும் ஒன்றே. டெல்லி நிகழ்வுக்கு ஹாலிவுட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம்முடைய படங்களிலேயே ஆப்பிரிக்க முகம் என்றால் போதைப்பொருள் கடத்துபவனோ அடியாளோதான். அதற்குத் தனி இழை தொடங்கினால் நானும் எழுதுகிறேன்.

#13 – பழைய ரீல்

இதுவரை பேசிய அனைத்தும் தவறாகக் காட்டப்பட்டவை. காட்டப்படாதது என்ன என்பதற்கு ஒரு சான்று கிடைத்திருக்கிறது. 1898-இல் சிகாகோவில் வில்லியம் செலிக் எடுத்த அரை நிமிடத்துக்கும் குறைவான ஒரு துண்டுப்படம், 2017-இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் அடையாளம் காணப்பட்டது. பெயர் 'சம்திங் குட் – நீக்ரோ கிஸ்'. செயின்ட் சட்டில், கெர்ட்டி பிரவுன் என்ற இரண்டு மேடைக் கலைஞர்கள் அதில் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அவர் கையைப் பிடித்து ஆட்டுகிறார், அவள் சிரித்துக்கொண்டே பின்வாங்குகிறாள், மறுபடி நெருங்குகிறார்கள். மை பூச்சு இல்லை, கோமாளித்தனம் இல்லை, அச்சுறுத்தல் இல்லை. மறு ஆண்டே, பாதுகாக்கத்தக்க படங்களுக்கான அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதைச் சேர்த்தார்கள். கிரிஃபித்துக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, கறுப்பின இணையரின் அன்பை அப்படியே படமெடுக்க முடிந்திருக்கிறது. ஆகவே அந்தக் காலத்தில் வேறு மாதிரி யோசிக்கவே முடியாது என்ற சமாதானம் செல்லாது.

கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோவையும் விட்டுவிட முடியாது. 1920-இல் அவர் எடுத்த 'வித்தின் அவர் கேட்ஸ்' படத்தில் வெள்ளையினப் பணக்காரன் ஒருவன் கறுப்பினப் பெண்ணை வன்புணர முயல்கிறான். அவள் மார்பிலுள்ள தழும்பைக் கண்டதும், அவள் தன் சொந்த மகள் என்பது அவனுக்குத் தெரிகிறது. அதே நேரத்தில் அவளை வளர்த்தவர்களைக் கும்பல் கொல்வதை மாற்றி மாற்றி வெட்டிக் காட்டுகிறார் மிஷோ. கிரிஃபித்தின் படத்தொகுப்பு உத்தியை எடுத்து, குற்றவாளியை இடம் மாற்றி வைத்துவிட்டார். தேன்மொழி சொன்ன 1662 சட்டத்தின் முழு வரலாறும் அந்தத் தழும்பில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் தொலைந்துபோன அந்தப் படத்தின் ஒரே பிரதி ஸ்பெயினில் கிடைத்தது.

#14 – இளந்தமிழ்

அருமை ஐயா. அப்படியானால் 2017-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்ற 'மூன்லைட்' இந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டது என்று சொல்லலாமா? எனக்கு அதில் ஓர் ஐயம் உண்டு. மியாமியின் ஏழ்மை, போதைக்கு அடிமையான தாய், சிறை என்று அத்தனை துன்பங்களையும் கடந்த பிறகுதான் அந்த நாயகனுக்கு ஒரு தோளில் சாயும் வாய்ப்புக் கிடைக்கிறது. பரிசு பெறும் படங்களில் கறுப்பினத்தவரின் ஆசைக்கு நுழைவுக் கட்டணமாக வேதனையைக் கேட்கிறார்களோ?

#15 – வெண்திரை

உங்கள் ஐயத்தில் பாதி சரி. ஆனால் இயக்குநர் பாரி ஜென்கின்ஸ் அந்தக் கடைசிப் பகுதியில் செய்திருப்பதைக் கவனியுங்கள். கட்டுடல், தங்கப் பல், வண்டியின் உறுமல் என்று, இந்தச் சமூகம் அஞ்சுவதற்காகவே உருவாக்கி வைத்த தோற்றம் அத்தனையையும் அவனுக்குப் பூட்டிவிட்டு, பழைய நண்பன் சமைத்துத் தரும் தட்டுக்கு முன்னால் தலை குனிந்து உட்காரவைக்கிறார். பேச வாய் வராமல் தவிக்கிறான். வேடத்துக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஓர் உணவகக் காட்சியில் காட்டிவிட முடிந்தது. துன்பம் அங்கே கட்டணமாக இல்லை, காரணமாக இருக்கிறது என்பேன்.

துன்பம் இல்லாத படங்களும் உண்டு. அவற்றைப் பற்றிப் பேச்சு குறைவு. பாய்ட்டியரே, மேசன் கட்டுரை வந்ததற்கு மறு ஆண்டு, 'ஃபார் லவ் ஆஃப் ஐவி' என்ற படத்துக்குக் கதை கொடுத்து, ஆபி லிங்கனோடு காதலனாக நடித்தார். அதில் அவர் சூதாட்டம் நடத்துகிறவர், துறவி அல்லர், படுக்கையும் உண்டு. படம் சுமார்தான் என்றாலும், தன்மேல் ஒட்டிய படிமத்தை உரிக்க அவர் செய்த முயற்சி என்ற அளவில் பார்க்கத் தக்கது. அதே ஆபி லிங்கன், ஐவன் டிக்சனோடு 1964-இல் நடித்த 'நத்திங் பட் எ மேன்' அதைவிடப் பன்மடங்கு மேல்.

#16 – தேன்மொழி

அந்த வரிசையில் ஜினா பிரின்ஸ்-பைத்வுட் 2000-இல் எழுதி இயக்கிய 'லவ் அண்ட் பாஸ்கெட்பால்' படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்து, இருவருமே கூடைப்பந்து ஆடுகிற ஒரு பையனும் பெண்ணும். அவர்கள் முதல்முறை இணையும் காட்சியில் இயக்குநர் கேமராவைப் பெண்ணின் முகத்தை விட்டு அதிகம் நகர்த்தவில்லை. அவளுடைய தயக்கமும் விருப்பமும்தான் காட்சி. ஆணுறையையும் மறைக்காமல் காட்டுகிறார். யாரும் யாரையும் வேட்டையாடவில்லை, யாரும் யாரையும் மீட்கவுமில்லை. அதன் பிறகும் இருவருக்கும் ஆட்டம் இருக்கிறது, யார் நன்றாக ஆடுகிறார்கள் என்ற பொறாமையும் இருக்கிறது. 2023-இல் இதுவும் தேசியப் பதிவேட்டில் சேர்ந்தது.

இளந்தமிழுக்கு ஒரு பதில்: ஆஸ்கர் மேடையை வைத்து இந்தக் கணக்கைப் பார்த்தால் உங்கள் ஐயம் சரியாகத்தான் இருக்கும். இந்தப் படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை ஒன்றுகூட வரவில்லை.